வைப்பாற்று ஊற்று

சாத்தூரில் வைப்பாறு ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. ஐப்பசி மழையில் கலங்கலாகப் பெருகி வரும். சில நாளில் வடிந்து மணலாகிவிடும். அந்த மணல்தான் எங்களுக்குக் குடிதண்ணீர் தந்தது. சித்திரை வெயிலிலும் பெண்கள் குடமும் கொட்டாங்கச்சியுமாக ஆற்றில் இறங்குவார்கள். முழங்கை ஆழம் பறித்தால் ஊற்றுக்கண் திறக்கும். "மொதல்ல ஊறுறத எறச்சு வெளிய ஊத்திரு. தெளிஞ்சு வாரதத்தான் கோரணும்" என்பாள் ஆச்சி. குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை பாதி பேசி முடிந்திருக்கும். ரயிலடியில் கூடை கூடையாக விற்ற சாத்தூர் வெள்ளரிக்காயின் ருசியும் இந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரியதுதான்.

மேலே வெம்பக்கோட்டையில், இதே ஆற்றின் கரையில், 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களும் இப்படித்தான் மணலைப் பறித்துத் தண்ணீர் குடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊற்றில் மாயம் எதுவும் இல்லை. மணல் வழியே நீர் மெல்லக் கசியும்போது அழுக்கு மேலேயே தங்கும். மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்றுவிடும். பிறகு அந்த மணலையே ஆற்றிலிருந்து அள்ளினோம்; வேலிக்கருவை முளைத்தது. வீட்டுக்கு வீடு கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வந்தன. அது நல்லதுதான், பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் வேறு சொல்ல மாட்டார்கள். ஆனால் கழிவாகும் தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் ஆற்றைக் காட்டினோம். விருதுநகரில் கௌசிகா நதிக்கும் இதே கதி. ஊர்க்கழிவு அதன் வழியே குல்லூர்சந்தை அணைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நீரை நம்பிய விவசாயிகள் தவித்தார்கள்.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறென்றால் கொஞ்சம் கழிவைக் கரைத்துக்கொண்டு போகும். எங்கள் ஆறுகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கோடையில் சாக்கடை மட்டுமே ஓடுமானால் ஆறே சாக்கடைதான். கீழே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் இருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு வரும் லட்சக்கணக்கானோர் எந்த நீரில் தலை முழுகுவது?

கழிவைச் சுத்தம் செய்வது முடியாத காரியமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி ஒரு சின்னப் பேரூராட்சி. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிக்க அங்கே 2017-இலேயே தனி நிலையம் வந்துவிட்டது. கழிவு லாரிகள் இருட்டில் கொட்டுவதற்கு ஓடை தேட வேண்டியதில்லை. இத்தகைய நிலையத்தில் வண்டலைப் பிரித்துப் படுகையில் காயவைப்பார்கள். வடிநீரைத் தனியே சுத்தம் செய்வார்கள். காயவைக்க முக்கியமாய் வேண்டியது வெயில். தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்தி சிவகாசியை வாழவைத்த வெயில் நம்மிடம் குறைவா என்ன? சுத்தம் செய்த வடிநீர் கோடையில் ஆற்றுக்குத் திரும்பலாம்; இல்லாவிட்டால் மரம் வளர்க்கவாவது உதவும்.

அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? நம் வீட்டுச் செப்டிக் டேங்கை உறிஞ்சிய லாரி அதை எங்கே கொட்டியது? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.