மூக்குக் குத்தும் வண்டி

பழைய மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் மாற்ற முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை இதைச் சுற்றி வருபவை. பிரேக்கின் பிடி கூடினால் அந்த இழுப்பை ஃபோர்க் தாங்க வேண்டும். ஃபோர்க் கனமானால் அதைப் பற்றியிருக்கும் கழுத்தும், கழுத்துக்குள் இருக்கும் கோன் செட்டும் தாங்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் சேஸிஸ். ஒவ்வொரு சீர்திருத்தமும் தன் பளுவை அடுத்த பலவீனமான இடத்துக்குத் தள்ளிவிட்டு நிம்மதி கொள்கிறது. நம் இலக்கியச் சூழலில் கடந்த அறுபது வருஷங்களாக நடந்துவரும் விவகாரங்களோடு இதற்கு ஏதோ உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என்னிடம் இருப்பது பெரியப்பாவின் புல்லட் 350. எழுபதுகளில் திருவொற்றியூரில் செய்தது. இந்த வண்டியின் சரித்திரமே ஒரு விசித்திரம். இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் பிறந்த வடிவம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு வைத்து இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோயிற்று. வேர் பட்டுப்போன பிறகும் வங்காள விரிகுடாவின் கரையில் ஒரு கிளை துளிர்த்துக்கொண்டிருந்தது. மூலத்தில் கைவிடப்பட்ட ஒன்றை நாம் விடாப்பிடியாகத் தொடர்வது நமக்குப் புதிதில்லை. விக்டோரியா காலத்து ஆங்கிலத்தை நம் அலுவலகக் கடிதங்களில் இன்னும் காணலாம். வங்கியில் தினமும் நான் கையெழுத்திடும் காகிதங்களே சாட்சி.

பெரியப்பா அதைக் கம்பெனி கொடுத்தபடி வைத்திருக்கவில்லை. கைகளை அகல உயர்த்திப் பிடிக்கும்படியான ஹேண்டில்பார், பாதியில் வெட்டிய பின் மட்கார்டு, கட்டில் போல ஒரு ஸீட். ஊரில் அதற்கு 'ஆல்டர் வண்டி' என்று பெயர். பழைய வண்டிகளை நேசிக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு 'ஒரிஜினலுக்கு' கொண்டுபோகும்படி சிபாரிசு செய்கிறார்கள். எந்த ஒரிஜினல் என்று கேட்டால் ஒரு வருஷத்தைச் சொல்வார்கள். நான் சிறுவனாக டாங்கின் மேல் உட்கார்ந்து போன வண்டி இந்த ஆல்டர் வண்டிதான். திருவொற்றியூரிலிருந்து வெளியே வந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை. மரபு பேசுகிறவர்களிடமும் எனக்கு இதே சங்கடம்தான். காலத்தில் ஏதோ ஒரு தேதியில் ஆணி அடித்து, அதற்கு முந்தியதை மூலம் என்றும் பிந்தியதைச் சீரழிவு என்றும் கணக்கெழுதிவிடுகிறார்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். பெரியப்பா முன் பிரேக்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். அவர் இடது காலாலேயே வாழ்ந்து முடித்தார். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தலைகுப்புறத் தூக்கியடிக்கும் என்று அந்தத் தலைமுறையே நம்பியது. உண்மை நேர்மாறு. நிறுத்தும்போது பாரம் முழுவதும் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில், உண்மையில் நிறுத்தக்கூடியது முன் சக்கரம் மட்டுமே. ஆனால் அவர் நம்பிக்கைக்கு அவர் சாலையில் பழுது வரவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் சேரன்மகாதேவிச் சாலையில் மருதமரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே போகிறவருக்கு இடது கால் போதும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலை நான்கு வழியாகி, 7 என்ற எண் போய் 44 ஆன பிறகு, 80க்குக் குறைந்து போகிறவனை லாரிக்காரர்கள் ஒலிப்பானால் துரத்துகிறார்கள். வண்டியில் ஒரு திருகைக்கூட யாரும் மாற்றவில்லை. இருந்தும் அது அபாயமானதாக ஆகிவிட்டது. சாலை மாறியதுதான் காரணம்.

போன ஐப்பசியில் வீரவநல்லூர் தாண்டி ஒரு திருப்பத்தில், மழை விட்ட ஈரத்தில், வயலிலிருந்து ஆட்டு மந்தையொன்று சாலைக்கு ஏறியது. பின்னால் மனைவி. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். முன் ஃபோர்க் அடிவரை அமுங்கி மூக்குக் குத்தியது. ஹேண்டில் பார் இடப்பக்கம் இழுத்தது. முன் பிரேக் ஓர் ஆலோசனை சொல்வது போல மிருதுவாக உராய்ந்தது. கடைசி ஆட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஆட்டுக்காரர் எங்களைத் திட்டக்கூட இல்லை. வீடு வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: “இனிமே நான் பஸ்ல வந்துக்கிடுதேன். நீங்க பெரியப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க.”

வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அறுபதைத் தொட்டவர், கம்பெனி புத்தகம் எதையும் படித்தவரில்லை. இளைஞர்கள் இப்போது செய்வதை முதலில் சொன்னார். வேறு கம்பெனியின் புது வண்டி விபத்தில் உடைந்து கிடந்தால் அதன் முன்பாகத்தை — ஃபோர்க், சக்கரம், டிஸ்க் எல்லாமாக — வாங்கி இதன் கழுத்தில் சொருகிவிடுவது. நிற்பதைப் பொறுத்தவரை அதற்கு ஈடில்லை. “வண்டி நிக்கும் சார்வாள். ஆனா முகம் போயிரும் பாத்துக்கிடுங்க” என்றார்.

முகம் என்று அவர் சொன்னது உருவகம் அல்ல. புல்லட்டின் ஹெட்லைட்டையும் ஸ்பீடாமீட்டரையும் பொதிந்து வைத்திருக்கும் அந்த வார்ப்புக் கூடு, இருபுறமும் புலிக்கண் போல இரண்டு சிறு விளக்குகளோடு, 1954இல் ரெட்டிட்ச்காரர்கள் கொண்டுவந்தது. தொப்பியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் அதை அழைத்தார்கள். பார்ப்பதற்கு அலங்காரம். ஆனால் ஃபோர்க் குழாய்கள் இரண்டும் மேலே போய் மரை பிடிப்பது அந்தக் கூட்டுக்குள்தான். முகமே தோள்பட்டையாகவும் இருக்கிறது. வேறு ஃபோர்க்கைப் போட வேண்டுமானால் கூட்டைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று பிரித்துப் பேசும் விமர்சகர்களை ஒருமுறை அந்தப் பட்டறைக்கு அழைத்துப்போக ஆசை.

கணக்கு அதோடும் நிற்கவில்லை. புது ஃபோர்க் அரை அங்குலம் குட்டையாக இருந்தாலும் கழுத்தின் சாய்வு நிமிர்ந்துவிடும்; வண்டி பதற்றமாகத் திரும்பும். நீளமாக இருந்தால் சந்தையில் ஊரும்போது ஹேண்டில் கல்லாகக் கனக்கும். டிஸ்க் ஒரு காலில் மட்டும் இருப்பதால் பிடிக்கும்போது அந்தக் கால் முறுக்கிக்கொள்ளும். புது வண்டிகளில் குழாய்கள் பருமனாக இருப்பது அதற்காகத்தான். நம் சேஸிஸுக்கு அந்த இழுப்பு பழக்கமில்லை. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கொருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெரியப்பாவின் ஹேண்டில் பார் அங்கே எத்தனையோ முறை புன்னகையோடு மன்னிக்கப்பட்டிருக்கிறது. முகமே மாறிய வண்டிக்கு அந்தத் தாட்சண்யம் கிடைக்குமா என்று நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் கவிதையைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1959இல் 'எழுத்து' வந்தபோது நடந்த சண்டையெல்லாம் யாப்பை விடலாமா கூடாதா என்பது பற்றியதாகவே இன்று நினைவுகூரப்படுகிறது. யாப்பை விட்டது முன்பாகத்தைக் கழற்றியது போன்ற காரியம். ந. பிச்சமூர்த்தி போன்றவர்களுக்கு அதைக் கழற்றும் முன்பே உள்ளே சேஸிஸ் மாறியிருந்தது. வாக்கியம் நடக்கும் விதம், ஒரு பொருளைப் பார்க்கும் விதம் எல்லாம். எழுபதுகளில் வானம்பாடிகள் வந்தார்கள். மேடைப் பேச்சின் அதே பழைய சட்டகம், அதே அறைகூவல், அதே அடைமொழிகள். முன்னால் மட்டும் புதுக்கவிதையின் சக்கரம். பளபளப்பாக இருந்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் உதறியது. இதைச் சொன்னதற்காக என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்ட நண்பர்கள் உண்டு. அவர்களில் ஒருவரிடம் நல்ல டிஸ்க் போட்ட வண்டி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது ராபர்ட் பிர்ஸிக்கின் மோட்டார் சைக்கிள் புத்தகத்தை (1974) ஒரு சீனியர் கொடுத்தார். அதில், நண்பனின் விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியில் ஹேண்டில் பார் நழுவுகிறது, பீர் டப்பாவின் தகட்டை வெட்டிச் சொருகினால் சரியாகும் என்கிறான் கதைசொல்லி, நண்பன் அவமானப்பட்டுப்போகிறான். தகடு என்பது ஒருவனுக்கு வெறும் நல்ல அலுமினியம், மற்றவனுக்குக் குப்பை. புத்தகம் அங்கிருந்து தத்துவத்துக்கு ஏறிப்போய்விடுகிறது. அந்த ஏற்றத்தில் பாதி எனக்குத் தேவையற்றதாகவே பட்டது. அண்ணாச்சி பால்பவுடர் டப்பாவை வெட்டி இதே காரியத்தை வருஷக்கணக்காகச் செய்கிறார், யாரும் அவமானப்படுவதில்லை. தகட்டைப் பற்றி இங்கே இரண்டு அபிப்பிராயங்கள் இல்லாததால்தானோ என்னவோ, அதிலிருந்து ஒரு தத்துவமும் கிளம்பவில்லை.

முடிவு இப்படி ஆயிற்று: முகமும் ஃபோர்க்கும் இருக்கும், ஃபோர்க்கின் உள்ளே எல்லாம் புதிது. முன் பிரேக் டிரம்மாகவே இருக்கும். ஆனால் அதே கம்பெனி பின்னாளில் போட்ட 7 அங்குல டிரம், இரண்டு ஷூக்களும் முன்தள்ளும் வகை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண டிரம்மில் இரண்டு ஷூக்களையும் ஒரே கேம் விரிக்கிறது. சக்கரம் சுழலும் திசையில் ஒரு ஷூ தானாகவே டிரம்முக்குள் இழுக்கப்பட்டுக் கடிக்கும். நம் விரல்களின் பலத்தோடு சக்கரத்தின் பலமும் அதற்குச் சேர்கிறது. மற்ற ஷூவைச் சுழற்சி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அது பேருக்குத்தான் உழைக்கும். பின்னாளைய வகையில் ஆளுக்கொரு கேம். இரண்டையும் ஒரு சிறு கம்பி இணைக்கிறது. இரண்டு ஷூவும் கடிக்கும். அந்தக் கம்பியின் நீளம் ஒரு மரை பிசகினாலும் ஒன்று வேலை செய்யும், மற்றது வேடிக்கை பார்க்கும். அண்ணாச்சி ஒரு முழு மதியத்தை அந்தக் கம்பிக்குக் கொடுத்தார்.

அதற்கு முன் ஃபோர்க்கைப் பிரித்தபோது, அடியிலிருந்து வந்தது எண்ணெய் அல்ல, காப்பி டிகாக்ஷன் போல ஏதோ ஒன்று, அதுவும் அரை டம்ளர். பெரியப்பா காலத்தியதாகவே இருக்கலாம். ஃபோர்க்கில் ஸ்பிரிங்தான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். “ஸ்பிரிங்கு வாங்கினதத் திருப்பிக் குடுத்திரும் சார்வாள். எண்ணெய்தான் முழுங்கும்” என்றார். சிறு துளை வழியாக எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போதுதான் குதிப்பின் வேகம் செத்துப்போகிறது. எண்ணெய் இல்லாத ஃபோர்க்கில் சக்கரம் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்கு எந்தப் பிரேக்கும் பிரேக் இல்லை. ஆக, பிரேக்கின் வேலை ஃபோர்க்கின் எண்ணெயிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. தேய்ந்த புஷ்கள், கசிந்த ஆயில் சீல்கள், குழிவிழுந்த கோன் செட் எல்லாம் மாறின. முன்பு ஹேண்டில் இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் அந்தக் கோன் செட்டும் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்த புஷ்ஷும் என்று தெரிந்தது.

டிரம்மை லேத்தில் ஒரு பூச்சு கடைந்தார்கள். ஷூக்களில் சாக்பீஸ் தேய்த்து, சுற்றி, சாக்பீஸ் அழிந்த மேடுகளை மட்டும் அரத்தால் ராவி, மறுபடியும் தேய்த்து — நான்கு முறை. பழைய டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்திருந்த தூசியை வாயால் ஊதப் போனவரைத் தடுத்து ஈரத்துணியை நீட்டினேன். அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் உண்டு. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும். “இத்தன வருசம் ஊதியாச்சே” என்றார், ஆனால் துணியை வாங்கிக்கொண்டார். லைனிங், பிரேக் என்று பேசினாலே இந்த ஜில்லாக்காரனுக்கு ஓர் அற்பப் பெருமை வரும். 1962இல் சென்னை பாடியில் ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து பிரேக் தொழிற்சாலை தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் மூலவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். எங்கள் பக்கத்தில் பலர் பிரேக்கே இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது வேறு விஷயம்.

டிஸ்க்கை வேண்டாம் என்றதில் எனக்கு ஓர் இழப்பும் உண்டு. தண்ணீர் புகுந்த டிரம் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க் ஓடும் காற்றிலேயே உலர்ந்துவிடும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரையை உடைத்து வந்தபோது முழங்கால் நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். என் வண்டியில் அந்த இடத்தில் இரண்டு விரல்கள் இருக்கின்றன. மழைநாளில் நீரைக் கடந்ததும் லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். 44இல் நான் 60க்கு மேல் போவதில்லை, லாரிகள் ஒலிக்கட்டும்.

லைனிங் டிரம்மோடு இணங்க இருநூறு கிலோமீட்டராவது ஆகும், அதுவரை யாரையும் பின்னால் ஏற்ற வேண்டாம் என்றார் அண்ணாச்சி. தனியாகவே பாபநாசம் வரை போய்வந்தேன், ஐந்தாறு ஞாயிறுகள். விக்கிரமசிங்கபுரம் தாண்டி ஏறுகையில் இன்னொன்றும் பிடிபட்டது. சக்கரம் பின்னோக்கி உருண்டால் இந்தப் பிரேக்கில் இரண்டு ஷூக்களையும் சுழற்சி வெளியே தள்ளுகிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை முன் பிரேக் பிடித்து வைக்காது. அங்கே பழையபடி இடது கால்தான். நேற்று மனைவி கம்பியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்லிடைக்குறிச்சி வரைக்கும் வருவதாகவும், திரும்பும்போது பஸ்ஸா வண்டியா என்பதை அங்கே சொல்வதாகவும் சொல்லியிருக்கிறாள்.