காலி டேங்க்

ஹைதராபாத்தில் ஹுசைன் சாகரின் அணைக்கரைக்கு டேங்க் பண்ட் என்று பெயர். அங்கே ‘டேங்க்’ என்றால் ஏரி. அந்த ஏரியில் ஓடும் மோட்டார் படகில் ‘டேங்க்’ என்றால் எரிபொருள் நிற்கும் பெட்டி. ஒரு சொல் இரு பொருள் தருவதால் இங்கே எவருக்கும் தீங்கில்லை, சூழல் தெளிவுபடுத்திவிடும். ஆனால் படகின் டேங்கைக் கழற்றும் நாளில் வாயில் வரும் இன்னொரு சொல் அத்தனை சாதுவானதன்று. அது ‘காலி’.

பழைய பெட்ரோல் படகுகள் பலவற்றில் டேங்க் ஓர் அலுமினியப் பெட்டி. தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் மேற்புறம் பளபளக்கும்போதே, ஈரம் குடித்த நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கும் அடிப்புறம் அரித்துப்போயிருக்கும். போதாக்குறைக்கு, இப்போது இந்தியாவில் பெட்ரோல் 20 விழுக்காடு எத்தனாலுடன் வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். அரிப்பு இப்போது உள்ளிருந்தும் தொடங்குகிறது.

சொந்தமாக மாற்றுவது கைவேலை அறிந்தவருக்கு இயலாத காரியமன்று. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, திறந்த வெளியில் கைப்பம்பால் பெட்ரோலை இறைத்து, அடித்தளத்தை நன்கு காற்றாட விட வேண்டும். புதிய டேங்க் ஈரம் உறிஞ்சாத ரப்பர் பட்டைகள் மீது அமர வேண்டும். குழாய்களும் கிளாம்புகளும் புதியனவாக இருக்க வேண்டும். மின்னிலை தேங்காதிருக்கத் தரையிணைப்புக் கம்பியும் வேண்டும். தளத்தை மூடுமுன் கசிவு பார்க்க வேண்டும். இவ்வளவையும் கவனமாகச் செய்தவர்கூடப் பழைய டேங்கைக் கரையில் வைத்துவிட்டு, “அது காலிதான்” என்று சொல்லிவிடுகிறார். கவனம் அந்தச் சொல்லோடு முடிந்துபோகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பெஞ்சமின் லீ வோர்ஃப் வேதிப்பொறியியல் படித்தவர். ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்தவர். 1941-இல் அச்சான கட்டுரையில் அவர் காட்டிய முதல் உதாரணமே பெட்ரோல் பீப்பாய்கள்தாம். நிரம்பிய பீப்பாயருகே எச்சரிக்கையாக இருப்பவர்கள் ‘காலி’ப் பீப்பாயருகே புகைபிடிக்கிறார்கள், ஆனால் ஆபத்து அதிகம் காலியானதில்தான் என்றார் அவர்.

வேதியியல் அவர் பக்கம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் தீப்பற்றும். திரவம் நிற்கும் டேங்கின் மேல்வெளியில் பொதுவாக ஆவி அந்த அளவைத் தாண்டி அடர்ந்திருக்கும். இறைத்தபின் உள்ளே காற்று நுழைகிறது. கலவை நேரே அந்த வரம்புக்குள் இறங்குகிறது. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தானாக வெளியேறுவதும் இல்லை.

மொழியியல் முழுவதும் அவர் பக்கம் இல்லை. ஏமாற்றியது சொல்லன்று, கண். ஆவி காற்றைப் போலவே தோன்றுகிறது என்று 1994-இல் ஸ்டீவன் பிங்க்கர் மறுத்தார். நியாயமான மறுப்பு. ஆனால் கண் ஏமாறுவது டேங்க் அருகே நிற்கும்வரைதான். டேங்க் பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது கூடவே போவது சொல். அங்கே வெட்டும் தொழிலாளி படகையும் பார்த்ததில்லை, பெட்ரோலையும் பார்த்ததில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே தகவல் ‘காலி’. அதை நம்பித்தான் அவர் கேஸ் கட்டரைப் பற்றவைக்கிறார்.

ஹைதராபாத்தில் இந்தத் தவறுக்கு மொழிபெயர்ப்புகூடத் தேவையில்லை. அரபியில் பிறந்த இந்தச் சொல் உருது, தெலுங்கு, தமிழ் மூன்றிலும் சற்றேறக்குறைய ஒரே ஒலியோடு வழங்குகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கு மட்டும் இதற்கு இன்னொரு பொருளையும் வைத்திருக்கிறது: ஒருவர் கதை முடிந்தது என்பதை ‘ஆள் காலி’ என்கிறோம்.

ஆகவே, டேங்கை மாற்றும் வேலை புதியதைப் பொருத்துவதோடு முடிவதில்லை. பழையதன் மேல் பெரிய எழுத்தில் ‘உள்ளே பெட்ரோல் ஆவி’ என்று, வாங்குபவர் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுப்பதோடு முடிகிறது.