ஒரு மில்லிமீட்டர் இடைவெளி

எங்கள் வீட்டு டஸ்டர் 2014 மாடல். "இந்த இரும்பு வீலை மாத்தினாலே வண்டி புதுசாயிடும்ப்பா" என்று மகன் சொல்லிக்கொண்டே இருப்பான். முதல் சம்பளம் வாங்கியதும், செகண்ட் ஹேண்டில் ஒரு செட் கிரெட்டா அலாய் வீலை டயரோடு வாங்கி வந்து வாசலில் இறக்கிவிட்டான்.

"வேற வண்டி வீல் நம்ம வண்டிக்குச் சேருமாடா?"

"எல்லாம் பார்த்துட்டேன்ப்பா. ரெண்டுக்கும் அஞ்சு நட்டு. நட்டு வட்டத்தோட விட்டமும் ஒண்ணுதான், 114.3 மில்லிமீட்டர்."

டயர் கணக்கையும் போட்டுக் காட்டினான். எங்களுடையது 215/65 ஆர்16. அவன் வாங்கியது 215/60 ஆர்17. ரிம் ஒரு இன்ச் பெரிது. டயரின் பக்கச்சுவர் சிறிது. மொத்த உயரத்தில் வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர்கூட ஏமாறாது.

டயர் கடையில் மாட்டினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டியா என்றே கேட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு திருச்சியிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். விராலிமலை தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. 60-க்கு இறக்கினால் நின்றுவிடும்.

"என்னங்க, வண்டி ஆடுது?" என்றாள் மனைவி.

கண்ணாடியில் பார்த்தேன். மகன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். "ரோடு சரியில்லை" என்றேன்.

முதல் சம்பளத்தில் வாங்கியதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இரண்டு முறை பேலன்ஸிங் செய்தேன். நடுக்கம் போகவில்லை.

கடைசியில் ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றி, நடு ஓட்டையைக் காட்டினார். "நட்டு சேர்ந்தா மட்டும் போதாது சார். இதுவும் சேரணும். கிரெட்டா ஓட்டை 67.1. உங்க ஹப் 66.1. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. வண்டி பாரம் இறங்கின பிறகு நட்டை முறுக்கியிருக்காங்க. வீல் மையம் தள்ளி உட்கார்ந்துடுச்சு."

பிறகு முகம் மாறியது. "ஒரு நட்டு லூஸாகியிருக்கு. ஆட்டத்துலயே கழண்டுக்கிட்டு வருது."

அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் நான்கு வாங்கிப் போட்டார். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தே, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்கினார். பாரம் இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. "50 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி இறுக்கிப் பார்த்துடுங்க" என்றார்.

இப்போது 90-லும் ஸ்டீயரிங் அசையவில்லை.

அன்று இரவு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, தங்கச்சி எல்லாரும் வண்டியில இருந்தாங்களேப்பா. நான் வருத்தப்படுவேன்னா பேசாம இருந்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். இருபது நட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தான்.