சொல்லாமல் போகிற டிஸ்க்

கம்பத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். திராட்சை விற்ற காசில் பேத்திக்கு காலேஜ் லேப்டாப். 'ரெண்டுமே எஸ்எஸ்டிங்கிறான், ஒண்ணு 256, ஒண்ணு 512. சின்னதுதான் ஸ்பீடாம். எதப்பா வாங்க?'

உங்களுக்கும் இந்தக் குழப்பம் வரலாம். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும். அதன்மேல் ஒட்டாமல் ஒரு முனை மிதக்கும். தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்புகளில் அதுதான். ஓடும்போது குமுளி மலைப்பாதையில் ஜீப் குலுக்கினால் ஆபத்து. எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை, எல்லாம் சிப்.

இதில் சாட்டா ரகம் செகண்டுக்குச் சுமார் 550 மெகாபைட் படிக்கும். என்விஎம்ஈயில் ஜென் 3 என்றால் 3,500, ஜென் 4 என்றால் 7,000 வரை. பிரமிக்காதீர்கள். தேக்கடித் தண்ணீர் எத்தனை வேகமாக வந்தாலும் வயல் குடிக்கிற அளவுக்குத்தானே குடிக்கும்? பாடம் டைப் அடிக்க, படம் பார்க்க ஜென் 3 தாராளம். நிரம்பி வழிகிற டிஸ்க்தான் மெதுவாகும். ஆகவே 512.

'இஎம்எம்சி' என்று போட்டிருந்தால் யோசியுங்கள். அது மெதுவானது, பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. ஹார்ட் டிஸ்க் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுத்தான் சாகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று திறக்காது. உள்ளே இருந்ததை மீட்பதும் கஷ்டம். மிச்சக் காசில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை காப்பி எடுக்கச் சொன்னேன். லேப்டாப் போனால் அடுத்த திராட்சையில் வாங்கலாம். மூன்று வருஷப் படிப்பை?