ஊசியின் முனை எங்கே?

அவசர சிகிச்சைப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். கை தேர்ந்தவன் என்ற எண்ணம் என்னுள் ஆழமாக வேரூன்றியிருந்தது. அதனை அசைத்தவை ஒரு மூதாட்டியின் வேதனையும், ஒரு ஜெலட்டின் கட்டியுமே.

ஒரு மழைக்கால இரவில், குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த மூதாட்டி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கத் திருப்பியபோது அவர் அலறியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. மார்ஃபின் கொடுத்தேன். வலி சற்று அடங்கிற்று. ஆனால் விடிவதற்குள் அவருடைய அறிவு தடுமாறி, அருகிலிருந்த மகனையே யாரென்று வினவினார். "வேறு வழி இல்லையா, டாக்டர்?" என்று அம்மகன் கேட்டார்.

வழி இருந்தது. நான்தான் கற்றிருக்கவில்லை.

முறிந்த இடத்தின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், நினைவு மங்காமலே வலி பெரிதும் தணியும். வியன்னாவில் கார்ல் கோலர் 1884-இல் கொக்கெய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்தார். அதே நகரின் மருத்துவர்கள், அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே காறை எலும்பின் மேலுள்ள நரம்புத் தொகுதியை மரக்கச் செய்த முறையை 1994-இல் வெளியிட்டனர். இன்று இது அவசர சிகிச்சை மருத்துவருக்கும் உரிய கலையாகிவிட்டது.

இதற்கான பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மேசைமேல் ஒரு ஜெலட்டின் கட்டி. அதனுள் நரம்புக்குப் பதிலாக ஒரு கயிறு, தமனிக்குப் பதிலாகச் சிவப்பு நீர் நிறைந்த குழாய். "இந்த விளையாட்டு எனக்கெதற்கு?" என்று மனத்துள் நகைத்தேன்.

என் மகள் வயதுடைய ஆசிரியை அமைதியாகக் கேட்டார்: "சார், ஊசியின் முனை எங்கே?"

திரையில் மின்னிய புள்ளியைப் பெருமையுடன் காட்டினேன். பிறகு ஊசிக்குழலைப் பின்னுக்கு இழுத்தேன். சிவப்பு நீர் ஏறிற்று! நான் முனையென்று கருதியது ஊசியின் நடுப்பகுதி. அல்ட்ராசவுண்ட் காட்டுவது மெல்லியதொரு தளத்தை மட்டுமே. அதனை ஊசி குறுக்கே கடந்தால், நடுப்பகுதியும் முனைபோலவே தோன்றும். உண்மையான முனை தமனிக்குள் இருந்தது.

அடுத்து, பொம்மை நோயாளி. மருந்து செலுத்தியதும், "காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மரமரப்பு" என்று அதற்காகக் குரல் கொடுத்தார்கள். பின்னர் வலிப்பு. மருந்து இரத்தத்தில் மிகுதியாகக் கலந்ததன் அடையாளங்கள் அவை, இதயமே நின்றுவிடக்கூடும். உடனே 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை நாளத்தின் வழியே செலுத்தவேண்டும். "எங்கள் பிரிவில் அது எந்த அலமாரியில் இருக்கிறது?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை தெரியவில்லை. வெட்கத்தால் தலை குனிந்தேன்.

முனை தெரியாவிடில் ஊசியை நகர்த்தாதே. இரத்தம் வருகிறதா என இழுத்துப் பார். எடைக்கேற்ற அளவைக் கணக்கிடு. சிறிது சிறிதாகச் செலுத்து. இப்பாடங்களைப் பலமுறை தவறி, பலமுறை திருத்திக் கற்றேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, அக்கொழுப்புக் குழம்பை அனைவர் கண்ணிலும் படுமாறு வைக்கச் செய்தேன்.

சில மாதங்களுக்குப் பின், இடுப்பு முறிந்த முதியவர் ஒருவருக்கு, அனுபவமிக்க மருத்துவர் அருகில் நிற்க, இம்முறையைக் கையாண்டேன். அரைமணி கழித்து அவர் தம் மனைவியிடம், "நீ ஏதாவது சாப்பிட்டாயா?" என்று கேட்டார். வலியில் துடித்தவருக்குப் பிறரை நினைக்க இடம் கிடைத்திருந்தது.

அந்த மூதாட்டியின் மகனுக்கு அன்று நான் அளித்திருக்கவேண்டிய விடை இதுவே. காலம் கடந்து கற்றேன்; கற்காமலே இருந்துவிடவில்லை என்பதே என் ஆறுதல்.