547 இல்லை, 548 தரவா?

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகக் கடைகளின் கவுண்டர் ஓரமாக நின்று காது கொடுத்தால், "இல்லை" என்ற பதில் தனியாக வருவது அபூர்வம். "அது இல்லை, இது தரவா?" என்றுதான் வருகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தாளில் எழுதிவந்த பட்டியலை நீட்டுகிறார்: பிசி 547 டிரான்சிஸ்டர் பத்து. கவுண்டரில் இருப்பவர் இழுப்பறையைத் தொடக்கூட இல்லை. "547 முடிஞ்சிருச்சு தம்பி. 548 தரவா? எத்தனை வோல்ட்ல ஓட்டுற?" ஒன்பது வோல்ட் பேட்டரி என்றதும் 548 கவரில் விழுகிறது. 547 தாங்குவது 45 வோல்ட், 548 தாங்குவது 30 வோல்ட். கால் வரிசை இரண்டுக்கும் ஒன்றே. மாணவர் 40 வோல்ட் என்று சொல்லியிருந்தால் 65 வோல்ட் தாங்கும் 546-ஐத் தேடி அந்தக் கை வேறு இழுப்பறைக்குப் போயிருக்கும். அந்த ஒரு கேள்வியில் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது என்பேன்.

வீட்டில் ஆசைக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் சரக்கு வைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே பெட்டிக்குப் போய்விடுகிறது: எத்தனை அறை, என்ன லேபிள், எந்த மென்பொருள். பெட்டி வேண்டியதுதான். ஆனால் எதற்குப் பதிலாக எது நிற்கும் என்று தெரியாதவரிடம் ஆயிரம் பாகம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை நின்றுபோகும். தெரிந்தவர் நூறு பாகத்தோடு வேலையை முடித்துவிடுவார். இந்தத் தெருவின் கவுண்டர்களில் வேலை செய்பவர்கள் பாகங்களைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, உறவால் வைக்கிறார்கள். வீட்டுச் சரக்கையும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்பது என் வாதம்.

டையோடை எடுத்துக்கொள்வோம். 1என்4001 முதல் 1என்4007 வரை ஏழு எண்கள். ஏழும் ஒரு ஆம்பியர் கடத்தும். தடுக்கும் வோல்ட்தான் மாறுகிறது: முதலாவதில் 50, கடைசியில் 1000. விலையில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. ஆகவே 4007 மட்டும் வாங்கி வைத்தால் ஏழு அறை ஒன்றாகிவிடும். (வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுவிட்சிங் சப்ளைக்கு இந்த ஏழுமே உதவாது, அதற்கு வேகமான டையோடு தனியாக வேண்டும்.) ரெசிஸ்டரில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. கடைகளில் கிடைக்கும் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசை யாரோ மனம்போனபடி வைத்ததல்ல. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பத்து சதவீதப் பிசகு உள்ள ரெசிஸ்டர்கள் புழங்கிய காலத்தில், ஒன்றின் மேல் எல்லை முடியும் இடத்தை ஒட்டி அடுத்ததன் கீழ் எல்லை தொடங்கும்படி அமைத்தார்கள். 1952-இல் அது சர்வதேசத் தரமாக வெளிவந்தது. எண்ணற்ற மதிப்புகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு போதும் என்ற முடிவே பதிலிச் சிந்தனைதான். 10 ஓமிலிருந்து 820 கிலோ ஓம் வரை மொத்தம் 60 மதிப்புகள். அதிலும் எல்இடிக்கு 330-க்குப் பதில் 390 போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; புல்-அப் வேலைக்கு 10 கிலோ ஓமுக்குப் பதில் 12 போட்டாலும் மைக்ரோகண்ட்ரோலர் முகம் சுளிக்காது.

ரெசிஸ்டர் பேப்பர் டேப்பில் ஒட்டி வருகிறது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. பழகிய கை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பத்து பத்தாக மடித்து, கத்தரிக்கோலால் நறுக்கி, டேப்போடு மடக்கிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் மதிப்பை எழுதிவிடும். எந்த மதிப்பின் டேப் சீக்கிரம் தீர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 330 ஓம் என்று யோசிக்காமல் பதில் வரும். எல்லா மதிப்பிலும் சம எண்ணிக்கை அடைத்த கிட் பெட்டிகள் இந்த உண்மையை மறைக்கின்றன. அதை வாங்கியவரிடம் 10 கிலோ ஓம் முதல் மாதத்திலேயே தீர்ந்திருக்கும், 82 ஓம் பேரன் காலம் வரை இருக்கும். ரெசிஸ்டராவது கெடாது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் மின்சாரம் பார்க்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்து கசிவு கூடும். அதை மொத்தமாக வாங்கிக் குவிப்பது தள்ளுபடிக்காக நஷ்டத்தை வாங்குவது. மிச்சச் சரக்கால் பிழைத்தவரும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்: அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்டோர்டல் என்ற ஹாம் ரேடியோக்காரர் மோர்ஸ் அனுப்பும் கீயர் கிட் விற்றார். கையில் மிஞ்சிய பாகங்களை மற்ற ஆர்வலர்களுக்கு விற்கப்போய், அதுவே 1972-இல் டிஜி-கீ என்ற பெரிய விநியோக நிறுவனத்தின் தொடக்கமானது. எல்லார் வீட்டுப் பரணும் அப்படி ஆகிவிடாது.

பதிலி வைத்து வேலை செய்வது ஓட்டை ஒடிசல் வேலை, முறையான தயாரிப்பில் இதற்கு இடமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நடப்பு நேர்மாறாக இருக்கிறது. சீனாவின் ஜேஎல்சிபிசிபி போன்ற நிறுவனங்கள் போர்டில் பாகம் பொருத்தித் தரும்போது, இயந்திரத்தில் எப்போதும் ஏற்றியே வைத்திருக்கும் அடிப்படைப் பாகங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதற்கு வெளியே போனால் ஒவ்வொரு வகைக்கும் ரீல் ஏற்றும் கட்டணம் தனி. காசை யோசிக்கும் வடிவமைப்பாளர், தான் நினைத்த பாகத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலில் அதே வேலை செய்வது எது என்றுதான் தேடுகிறார். ரிச்சி தெருக் கவுண்டரில் கேட்கும் "இது தரவா?" அங்கே விலைப்பட்டியலாக வந்து நிற்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடைக்காரருக்குக் கையில் இருப்பதை விற்றாக வேண்டும். "அதே வேலை செய்யும்" என்பது அறிவாகவும் இருக்கலாம், வியாபாரமாகவும் இருக்கலாம். பழைய போர்டிலிருந்து கழற்றியது புதிது என்று விலைபோவதும், மேலே எண்ணை அழித்து வேறு எண் அச்சடித்த ஐசிகள் சந்தையில் சுற்றுவதும் ஊரறிந்த விஷயம். நேர்மையான பதிலியிலும் கண்ணி உண்டு. 2என்3904 பார்க்க பிசி 547 போலவே இருக்கும். ஆனால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். எல்எம்358-ம் டிஎல்072-ம் எட்டுக் கால், காலுக்குக் கால் பொருந்தும். ஐந்து வோல்ட் ஒற்றைச் சப்ளையில் முதலாவது கிரவுண்டு அளவு சிக்னலையும் ஏற்கும், இரண்டாவது தடுமாறும். கருகாது, புகையாது, வேலையும் செய்யாது. பிழை எங்கே என்று தேடியே ஒரு வாரம் போகும். இந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பதிலியே வேண்டாம் என்று இது சொல்லவில்லை. பதிலிக்கு எல்லை எழுதி வைக்கச் சொல்கிறது. கவுண்டர்க்காரர் வோல்ட் கேட்டது அந்த எல்லையைத்தான். வீட்டில் கவரின் மேல் "பிசி 547" என்று மட்டும் எழுதுவதைவிட, கால் வரிசையும் தாங்கும் வோல்ட்டும் சேர்த்து டேட்டாஷீட்டைப் பார்த்து எழுதுவது அரை நிமிட வேலை.

இணையத்தில் கேட்ட எண்ணே வீடு தேடி வரும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றும் கேட்கலாம். இரண்டு ரூபாய் டையோடுக்கு அதைப்போலப் பல மடங்கு கூரியர் செலவு. வெளிநாட்டிலிருந்து என்றால் சுங்கத் தீர்வை, அடையாள ஆவணம், காத்திருப்பு. ஆர்டர் என்பது பதிலி இல்லாத பாகங்களுக்கு உரியது: மைக்ரோகண்ட்ரோலர், சென்சார், டிஸ்பிளே, முக்கியமாக கனெக்டர். 2.5 மில்லிமீட்டர் கனெக்டர் 2.54 மில்லிமீட்டர் துளையில் மூன்று காலுக்கு இடித்துப் பொருந்திவிடும், பத்துக் காலுக்குப் பொருந்தாது. இந்த வகையில் ஒன்று வேண்டுமென்றால் இரண்டு மூன்றாக வாங்குவதே சிக்கனம். 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஏடிமெகா328பி, எஸ்டிஎம்32 போன்றவை கிடைக்காமலும் எக்கச்சக்க விலையிலும் நின்றன. ரெசிஸ்டர், டையோடு இல்லாமல் ஆர்வலர் யாரும் வேலையை நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

இந்தத் தெருவிலும் இப்போது கணினி பில் வந்துவிட்டது. அதன் திரையில் 547 ஒரு வரி, 548 இன்னொரு வரி. முதலாவது பூஜ்யம் காட்டினால் சரக்கு இல்லை என்று பொருள். பக்கத்து இழுப்பறைக்குக் கை போவது இன்னமும் ஆளின் நினைவிலிருந்துதான். பல வருடம் நின்று பழகியவர் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைக்குக் கடையில் "இல்லை" கூடுகிறது என்று முதலாளிகளே சொல்கிறார்கள். ஆனாலும் அவர் சம்பளம் பில் போடுபவர் சம்பளத்தை ஒட்டியே இருக்கிறது. வீட்டில் எக்செல் தாளில் பாகக் கணக்கு வைப்பவர்களின் தாள்களிலும் பெயர், எண்ணிக்கை, விலை, வாங்கிய இடம் என்று எல்லாப் பத்தியும் இருக்கும். "இதற்குப் பதில்" என்று ஒரு பத்தியும், "எதுவரை" என்று இன்னொன்றும் சேர்த்துக்கொண்டால், அடுத்த ஆர்டரின் நீளம் தானாகக் குறையும்.