எழுத்தில்லாத மைல்கல்

டெல்லி உயிரியல் பூங்காவுக்குள், புலியையும் யானையையும் தேடிப் போகிறவர்களின் கண்ணில் அதிகம் படாமல் ஒரு செங்கல் தூண் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 30 அடி. கீழ்ப்பாதி எட்டுப்பட்டையாகவும், மேற்பாதி உருண்டு மேலே செல்லச் செல்லச் சிறுத்தும் இருக்கும். ஏறிப் பார்க்கப் படிகள் இல்லை. யார் கட்டியது, எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஒரு வரி எழுத்தும் அதில் இல்லை. முகலாயர் காலத்து நெடுஞ்சாலையில் ஒவ்வொரு கோஸ் தூரத்துக்கும் நட்டுவைத்த கோஸ் மினார்களில் இதுவும் ஒன்று.

இந்தச் சாலையை அளக்கும் வேலையைத் தொடங்கியவர் பாபர். 1528 டிசம்பரில், ஆக்ராவிலிருந்து காபூல் வரை வழியைக் கயிறு பிடித்து அளக்கவும், 9 கோஸுக்கு ஒரு தூண் எழுப்பவும், 18 கோஸுக்கு ஓரிடத்தில் ஆறு அஞ்சல் குதிரைகளை நிறுத்தவும் உத்தரவிட்டார். ஆனால் அவரது ஆட்சி அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நீடித்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா வங்கத்திலிருந்து சிந்து நதி வரை செல்லும் சாலையைச் சீராக்கினார். இரண்டு கோஸுக்கு ஒரு சராய் என்று வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைக் கட்டினார். ஒரு கோஸ் என்பது 5,000 இலாஹி கஜம் என்று அக்பர் வரையறுத்தார். இன்றைய கணக்கில் அது நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த அளவுக்கு அரசாங்க முத்திரை கிடைத்தது இப்படித்தான்.

இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது ஜஹாங்கீரின் 1619-ஆம் ஆண்டு ஆணை. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோஸுக்கு ஒரு தூண், மூன்று கோஸுக்கு ஒரு கிணறு. இருபுறமும் மரங்கள் அதற்கு முன்பே நடப்பட்டிருந்தன. பயணிகள் வெயிலிலும் தாகத்திலும் வாடக்கூடாது என்பதே நோக்கம் என்று தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அரசுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. படை ஒரு நாளில் எவ்வளவு நடக்கும், கடிதம் எப்போது போய்ச் சேரும் என்பதற்கெல்லாம் தூரம் தெரிந்தாக வேண்டும். மேவாத் பகுதியைச் சேர்ந்த மேவ்ராக்கள் என்ற ஓட்டக்காரர்கள் அக்பர் காலத்திலேயே அரசுத் தபாலைச் சுமந்து ஓடுவதில் பேர்பெற்றவர்கள்.

நம் பக்கத்திலும் பெருவழிகளுக்குத் தூரக்கற்கள் இருந்தன. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அதில் குடைந்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தனியாகத் தூக்கி வந்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அது சொல்ல வந்ததைச் சொல்லிவிடும். கோஸ் மினாரால் அது முடியாது. எண்ணிக்கையை வைத்துக்கொள்வது வழிப்போக்கரின் பொறுப்பு. அடுத்த கோஸ் முடிந்தது என்று காட்டுவது மட்டுமே தூணின் வேலை. முன்னும் பின்னும் இன்னொரு தூண் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

அந்த வரிசை டெல்லிக்குள் எப்படி வந்தது என்பதை இன்றும் ஓரளவு தொடர்ந்து பார்க்கலாம். தெற்கே பதர்பூரில் பழைய சராயின் வாயில்கள் எஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து வடக்கே சரிதா விஹார் பக்கம் பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்புறம் ஒரு மினார் இருக்கிறது. அடுத்து வருவது பாராபுலா. ஜஹாங்கீர் அரசவையில் இருந்த மிஹ்ர் பானு ஆகா கட்டிய பதினோரு வளைவுப் பாலம் இது. நெடுங்காலம் அதன்மேல் காய்கறிச் சந்தை நடந்தது. அதன் பெயரைத் தாங்கிய மேம்பாலத்தில் தினமும் போகிறவர்களில் பழைய பாலத்தைப் பார்த்தவர்கள் சிலரே.

பாலத்தைத் தாண்டினால் ஹுமாயூன் கல்லறை, அதையொட்டி அரப் சராய், அப்பால் அஸிம்கஞ்ச் சராய். 1611-இல் இவ்வழியாக லாகூருக்குச் சென்ற ஆங்கிலேய வணிகர் வில்லியம் ஃபிஞ்ச், பாலத்திலிருந்து ஹுமாயூன் கல்லறைக்குப் பெருமரங்கள் நிழலிடும் அகன்ற பாதை போவதைக் குறித்துவைத்தார். நிஜாமுதீன் தர்கா முன்பே அங்கு இருந்தது. சாலையும் சேர்ந்துகொண்டதால் கல்லறைகளும் சத்திரங்களும் அந்தப் பகுதியில் நெருங்கி எழுந்தன. அஸிம்கஞ்சை அடுத்துத்தான் உயிரியல் பூங்கா மினார். அதற்கு வடக்கே பழைய கோட்டை. வரைபடத்தில் இவற்றை ஒரு கோட்டால் இணைத்தால் பழைய சாலை தெரிந்துவிடும். இன்றைய மதுரா சாலை அதற்கு மேற்கே விலகிப் போகிறது. மினார் சாலையோரத்திலிருந்து பூங்காவுக்குள் போனது அப்படித்தான். தூண் நகரவில்லை, சாலைதான் நகர்ந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கல் பாவிய புதிய சாலை வந்தது, மைல் கணக்கு வந்தது. பின்னர் ரயில் வந்தது. கோஸ் யாருக்கும் தேவைப்படாமல் போனதும் தூண்கள் வெறும் செங்கல் குவியலாகிவிட்டன, பல இடிந்தன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஹரியானாவில் இருக்கின்றன. பரீதாபாத், பல்வல், பானிபத், கர்னால் பக்கங்களில் சில வயல் நடுவிலும் சில குடியிருப்புச் சந்துகளிலும் நிற்கின்றன. கர்னாலுக்கு அருகே கரோண்டாவில் முகலாயர் காலச் சராயின் வாயில்களும் மிஞ்சியுள்ளன.

ஆக்ராவிலிருந்து டெல்லி, பானிபத், அம்பாலா, லூதியானா வழியாக ஜலந்தர் வரை பழைய வழியை ஒட்டியே இன்று தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் அந்தச் சாலைதான் சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. கோவில்பட்டிக்காரர் தன் ஊரைத் தொட்டுப்போகும் சாலையிலேயே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் ஜஹாங்கீரின் தூண்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேருவார்.

தொல்லியல் துறை மினார்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்திருக்கிறது. வேலி போடுகிறது, சுண்ணாம்புக் காரை பூசுகிறது, பலகை வைக்கிறது. ஒரு கல்லறைக்கோ மசூதிக்கோ இது போதும், ஏனென்றால் அவை தம்மளவில் முழுமையானவை. கோஸ் மினாருக்குப் போதாது. ஒவ்வொரு மினாரின் பலகையிலும் இரண்டு செய்திகளைச் சேர்க்கலாம்: இதற்கு முந்தைய மினார் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருந்தது, அடுத்தது எங்கே. நடுவில் இடிந்துபோனவற்றின் இடத்தில், தெரிந்தவரை, தரையில் ஒரு கல்லாவது பதிக்கலாம். செலவு குறைவு. நானூறு ஆண்டுகளாக அந்தத் தூண்கள் வழிப்போக்கரிடம் எதிர்பார்த்ததும் எண்ணிக்கொண்டே அடுத்ததைத் தேடி நடக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.